மெதுவானவர் முன்னால்

கத்திரி தொடங்கி ஒன்பதாம் நாள்.
ஃப்ரீசரில் சங்கரா மீனை ஓரமாகத் தள்ளி
நான்கு பாட்டில்களைப் படுக்கவைக்கிறேன்.
முக்கால் அளவு தண்ணீர், மீதி ஐஸ் விரிய.
நிற்கவைத்தால் கழுத்தில் அடைத்துக்கொள்ளும்,
தாகத்தில் குலுக்கிக் குலுக்கிக் கெஞ்ச வேண்டும்.
போன வருடம் கெஞ்சியிருக்கிறேன்,
கொள்ளிடம் பாலத்தின் நட்டநடுவில்.

நாளை விடியுமுன் தேவனாம்பட்டினத்திலிருந்து தரங்கம்பாடி,
கடலைத் தொட்டுவிட்டு அதே கடலுக்குத் திரும்புவது.
இருநூறு கிலோமீட்டர், பதினோரு பேர்.
"டிசம்பர்ல வச்சிக்கக் கூடாதா இதை?"
என்றாள் மாடி வீட்டு மீனலோசனி.
கடலூரில் டிசம்பருக்கு வேறு வேலை இருக்கிறது.

வெயிலுக்குப் பழக வெயில்தான் வேண்டும்.
மதியச் சாப்பாட்டு நேரத்தில்
சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து நழுவி
கெடிலம் பாலத்தில் போவதும் வருவதுமாக மிதித்தேன்.
முதல் நாள் இருபது நிமிடம். கண்ணுக்குள் வெள்ளைப் பூச்சிகள்.
எட்டாம் நாள் வியர்வையில் உப்பு குறைந்திருந்தது.
உதட்டை நக்கிப் பார்த்து அதைச் சொன்னபோது
பரீத் சிரித்தான்.
திரும்பி நின்று அவனும் நக்கிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலப்பாக்கத்தில்
சாலைக்குத் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.
காலில் சாக்குச் சுற்றிய ஒருவர்
எங்கள் ஹெல்மெட்டை, கையில் மாட்டிய வெள்ளை உறையை
மேலும் கீழும் பார்த்துவிட்டு
"இதுக்கு எவ்ளோ தராங்க?" என்றார்.
நாங்கள்தான் கட்டுகிறோம், ஆளுக்கு எழுநூறு.
அவர் அதைப் பக்கத்து ஆளிடம் சொன்னார்,
அந்த ஆள் அடுத்தவரிடம்.
சிரிப்பு ரோடு ரோலர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.
குடத்தைச் சாய்த்து எங்களுக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவர்தான்.
அந்த எழுநூறை நான் வீட்டிலும் சொல்லவில்லை.

இளம்பரிதி. பெயரிலேயே சூரியனை வைத்திருப்பவன்.
போன வருடம் திரும்பும் வழியில், புதுச்சத்திரம் தாண்டும் முன்
"எனக்கு வேர்க்கவே இல்ல பாரு" என்றான் பெருமையாக.
நாங்களும் பாராட்டினோம்.
கால்மணி நேரம் கழித்து
தன் சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு
அதையே உற்றுப் பார்த்து
இது யார் சைக்கிள் என்று கேட்டான்.
முந்திரித் தோப்பில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
அந்தத் தொட்டியில் அவனைச் சட்டையோடு இறக்கினோம்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

அதனால் இந்த வருடம் இரண்டே விதிகள்.
மெதுவானவர் முன்னால் போவார், மற்றவர்கள் அவர் வேகத்தில்.
அரைமணிக்கு ஒருமுறை
பக்கத்தில் வருபவரைக் கேட்க வேண்டும்:
இது யார் சைக்கிள்?
பதில் வரத் தாமதமானால் நிழல்.
வாக்குவாதம் கிடையாது.
முன்னால் போகப்போவது நான்தான் என்று
கூட்டம் முடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.
யாரும் சொல்லவில்லை. நாகரிகமானவர்கள்.

கல்லுப்பு ஒரு பொட்டலம், எலுமிச்சை ஆறு,
மாற்று டியூப் இரண்டு, கழுத்துக்கு நனைக்கும் துண்டு.
டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன்,
மத்தியான ரோட்டில் அது தானாகவே விம்மும்.
எடை பார்த்து நாட்காட்டியில் எழுதினேன்: அறுபத்து மூன்றே கால்.
திரும்பி வந்து மறுபடி ஏறி நிற்கும்போது
குறைவதெல்லாம் நான் குடிக்காமல் விட்ட தண்ணீர்.

பத்தரைக்குக் கரண்ட் போகிறது.
மொட்டைமாடித் தரை இன்னும் பகலை விடவில்லை.
பாய் விரித்தும் முதுகு சுடுகிறது.
ஓ.டி.யிலிருந்து பரீத்:
"இங்கயும் இல்ல. ஃப்ரிட்ஜைத் திறக்காதே."
கீழே இறங்கி, திறக்காமல்,
கதவில் உள்ளங்கையை வைத்து நிற்கிறேன்.
வெளிப்பக்கம் வெதுவெதுப்பு.
உள்ளே என்ன நடக்கிறதோ.

பதினொன்று இருபதுக்கு ஒரு படம் வருகிறது,
டார்ச் வெளிச்சத்தில் ஒரு பின் சக்கரம்,
கீழே இளம்பரிதியின் ஒரு வரி:
"இது யார் சைக்கிள்?"

தூங்குடா என்று அனுப்புகிறேன்.