மானி இல்லாத இடம்

பட்டிப்பொலயில் இறங்கி
முச்சக்கரவண்டிக்குப் பேரம் பேசி
தொட்டுபொல அடிவாரம் வந்தோம்.
"பெரிய ஏத்தமில்ல" என்றான் மரியசெல்வம்.
அவனுக்கு எதுவுமே பெரிய ஏற்றமில்லை.
மூச்சு வாங்கும்போது மட்டும் நின்று
பாசி படிந்த மரங்களைப் புகழ்வான்.

குட்டை மூங்கில் காற்சட்டையை நனைத்தது.
மழை இல்லை.
மேகத்துக்குள் நடந்தால் அப்படித்தான்.

உச்சியில் காட்சி என்று எதுவுமில்லை,
வெள்ளை.
ஒரு கல். கல்லின் மேல்
எவரோ விட்டுப்போன தோடம்பழத் தோல்.
பாணும் சம்பலும் தின்றோம்,
ஆறிய பிளேன்டீயை
மூடியில் மாறி மாறிக் குடித்தோம்.

பதினொரு வருடமாய் வீடு வீடாய்
தண்ணீர் மானி வாசிப்பவன் நான்.
நாயைக் கட்டச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்து
கடைசி இலக்கம் சுழல்வதைக் குறித்திருக்கிறேன்.
சுழற்சி எங்கே கிளம்புகிறதென்று பார்க்கத்தான்
லீவு போட்டு வந்தது.

இறங்கும்போது சறுக்கி
பாசியில் கையை ஊன்றினேன்.
எடுத்தபோது ஐந்து குழிகள்.
மெல்ல, மிக மெல்ல
நிறைந்தன.
சுண்டுவிரல் குழி முதலில் வழிந்தது.

"இதானா?" மரியசெல்வம் குனிந்தான்.
தெரியவில்லை.
இரண்டடி மேலேயும் ஈரம்,
அதற்கும் மேலே மேகம்,
அதுவும் ஈரம்.
பழக்கதோஷம், சட்டைப் பையில்
பேனாவைத் தேடியது என் கை.

"இது பலாங்கொடைப் பக்கம் போற தண்ணி" என்றான்,
"நம்ம லயத்துப் பீலிக்கு வராது."
சொல்லிவிட்டு,
மிதித்துவிடாமல்
சுற்றி நடந்தான்.