செக்கிங்

பன்னிரண்டாம் கேள்வி: இடம்பெயர்ந்த திகதி.
"மழை அடிச்ச நாள் மேடம்."
எந்த மழை?
"கதிரவெளியில இருந்து நாங்க ஓடின மழை."
தொண்ணூறு என்று எழுதினேன்.
மாதத்துக்கு ஒரு கோடு, நாளுக்கு ஒரு கோடு.

பூபாலபிள்ளை கதிரையில் இருக்கமாட்டார்.
மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.
மேசையை விட்டு ஒன்றரை முழம் தள்ளி,
பெயர் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நிற்பார்.
முப்பது வருசம் நின்று பழகிய தூரம்.

மகள் கோகிலவாணி பிறந்த மாவட்டம்?
என் கணினியில் இருபத்தைந்து மாவட்டம் இருக்கிறது,
இராமநாதபுரம் இல்லை.
வெறுமையாய் விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
மட்டக்களப்பு என்பதில் அமத்தினேன்.
திறந்தது.
இருபத்திநாலு வயதுப் பெண்
என் விரலடியில் இன்னொருக்கா பிறந்து
"ரொம்ப நன்றிங்க மேடம்" என்றாள்.
வரிசை முழுக்கக் கிறுகிப் பார்த்தது.

ஒப்பம் வைக்கச் சொன்னேன்.
பெயரை எழுதி, அதற்குக் கீழே
கேட்காமலே முகாம், அறை எண்.
டிப்பெக்ஸ் காயும்வரை
இரண்டு பேரும் அந்த வெள்ளையைப்
பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுகா வாசித்துக் காட்டினேன்:
கொட்டிலுக்கு இவ்வளவு, காணி துப்புரவுக்கு இவ்வளவு,
மண்வெட்டி, கத்தி, கோடாலிக்குச் சேர்த்து இவ்வளவு.
தகரம், நுளம்பு வலை, வாளி இன்றைக்கே.
காசு கச்சேரியில் இருந்து வரவேணும்.
எப்போது என்று அவர் கேட்கவில்லை.
கேட்டது வேறு:
"இங்க செக்கிங் எந்தக் கிழமை மேடம்?"

எனக்கு விளங்கவில்லை.
மகள்தான் சொன்னாள்.
பதினைந்து நாளைக்கு ஒருமுறை, சனிக்கிழமை,
அதிகாரி வருவார், பெயர் வாசிப்பார்,
ஆள் நிற்கவேணும்.
நிற்காதவருக்குப் பணக்கொடை வெட்டு.
அம்மாவைக் கொண்டுபோய் எரித்த அன்றும் அப்பா
கடலில் முழுகின ஈர வேட்டியோடு
வந்து நின்றவராம்.

"இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்ல ஐயா.
விரும்பின இடத்துக்குப் போங்க, வாங்க."
தலையாட்டினார்,
நம்பாத ஆட்கள் ஆட்டுவது போல.

பனிச்சங்கேணிப் பாலத்தில் தண்ணி ஏறி
இறங்கியும் விட்டது.
காசு வரவில்லை.
அவருடைய காணியில் மரமுந்திரிகை நட்டு
வேறு யாரோ உறுதியும் வைத்திருக்கிறார்கள்.
அது வேறு கோவை, வேறு மேசை.

கச்சேரிக் கடிதம்தான் வந்தது.
பயனாளி தொடர்ந்து வதிவதற்கான அத்தாட்சி
இணைக்கப்படவில்லை.
கரண்ட் பில் வராத கொட்டிலுக்கு
எதைக் கொண்டுபோய் இணைக்கிறது?

காவலாளி ஆதம்பாவா காக்கா
வாசல் கொப்பியோடு வந்தார்.
"அந்த மனிசன் வாறவர்தானே புள்ள.
ஒண்டுவிட்ட சனி, காலம்பற ஏழு மணிக்கு.
கந்தோர் பூட்டு எண்டு சொன்னாலும் போகமாட்டார்.
இதில ஒப்பம் வெச்சாத்தான் கிறுகுவார்.
பாவமெண்டு நானும் குடுக்கிறன்."

பதினொரு சனி.
பதினொரு ஒப்பம்.
வந்த நோக்கம் என்ற நிரலில்
பதினொரு தரமும்
இருக்கிறேன்.

பிரதி எடுத்தேன். மை குறைந்த மெசின்,
ஏழாவது சனி பாதிதான் விழுந்தது.
கடிதத்தோடு சேர்த்துக் குத்தி அனுப்பினேன்.
ஏற்பார்களோ தெரியாது.

வெள்ளி பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கையில் கண்டேன்.
சைக்கிள் கரியரில் ஒரு தகரம், கயிற்றால் கட்டி,
ஏறாமல் உருட்டிக்கொண்டு வந்தார்.
நாளைக்கு வரத் தேவையில்லை என்று
சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"பேனை கொண்டு வாங்க" என்றேன்,
"ஆதம்பாவா காக்காட பேனை எழுதாது."