வெடிக்கவில்லை

பீன்யா இரண்டாம் ஃபேஸ், பதினோராவது குறுக்குத் தெரு.
கம்பி இழுக்கும் பட்டறையில்
துருவைத் தின்று தின்று அலுத்துப்போன அமிலத்தை
வெள்ளிக்கிழமை இரவுகளில்
சாக்கடையில் திறந்துவிடுவார் இம்தியாஸ் பாஷா.
சனிக்கிழமை காலையில் சாக்கடை
வெற்றிலை போட்ட வாய்.

இப்போது விடுவதில்லை. ஆறவைக்கிறார்.
தொட்டியின் அடியில் பச்சை படிகிறது,
கிளிப்பச்சையல்ல, இலைப்பச்சையல்ல,
கோலி சோடா பாட்டிலின் பச்சை.
கிலோ மூன்று ரூபாய்.
"குப்பையையா காசு கொடுத்து வாங்குறீங்க?"
ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.
ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் வாங்கிக்கொள்கிறார்.

என் வேலை
அந்தப் பச்சையை வெள்ளை உப்போடு கலப்பது.
வெள்ளைக்கு இரண்டு பிழைப்பு:
வயலில் போட்டால் கதிர்.
வேறு கையில் சிக்கினால்
ஒரு தெருவின் கண்ணாடி அத்தனையும்.

நேற்று ராமநகரம் தாண்டி ஒரு கல்குவாரியில்
குழாயில் அடைத்துப் புதைத்தோம்.
அருளப்பன் முப்பது வருடமாக
வெடிக்கவைத்தே சம்பளம் வாங்கியவர்.
சிவப்புக் கொடி. விசில். காதைப் பொத்தினோம்.

டப்.

கோபமில்லாத ஒருவர் கதவைச் சாத்தியதுபோல்.
மரத்திலிருந்து ஒரு மைனாகூட எழும்பவில்லை.
குழாயின் ஒரு முனை வாழைப்பூவாய் விரிந்திருந்தது;
மிச்சம் அப்படியே, உள்ளே உரம் உரமாக.
அருளப்பன் மானம் போனவராய் நின்றார்.
"ஈரமா இருந்திருக்கும் மேடம், இன்னொண்ணு வைக்கலாமா?"
வைத்தோம். இன்னொன்றும் வைத்தோம்.
மூன்றாவது முறை நான் சிரித்ததை
அவர் மன்னிக்கவில்லை.

இன்று மாகடி சாலையில் கெம்பம்மாவின் ஒன்றரை ஏக்கர்.
கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு. மண்ணும் அதேதான்.
கேழ்வரகு முழங்கால் உயரம்.
உள்ளங்கையில் உருட்டினாள், முகர்ந்தாள்,
"இந்த மண்ணே இரும்பு.
இதுக்கு மேல எதுக்கு இரும்பு?"

பக்கம் பக்கமாய்ப் படித்ததெல்லாம்
அந்த வரப்பில் வழுக்கி விழுந்தது.
அரைக் கன்னடத்தில் சொன்னேன்:
இரும்பு மண்ணுக்கு இல்லை அக்கா, மூட்டைக்கு.
லாரியில், கிடங்கில், கடையின் பின்கட்டில்
உங்களைத் தெரியாத ஒரு கை அவிழ்க்கும்போதும்
இது உரமாகவே இருக்க.

கொஞ்சம் யோசித்தாள்.
"அப்போ மூட்டைக்கு எழுபது ரூபா கூடன்னா
என் பயிருக்கு அதுல ஒண்ணுமில்ல.
ஊர் பத்திரமா இருக்க நான் கொடுக்கணும்."

களை பிடுங்கப் போய்விட்டாள்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
மூன்று சோதனை. வெடிக்கவில்லை.
அதன் கீழே, மை தடித்து:
எழுபது ரூபாய், யார்?

திரும்பும் வழியில் கோரகுண்டேபாளையம் சிக்னல்.
துணிக்கடை, மருந்துக்கடை, வங்கி,
எல்லாக் கண்ணாடியும் அதனதன் இடத்தில்.
யாரும் கவனிக்கவில்லை; கவனிக்க ஒன்றுமில்லை.
நடத்துநர் என் கையில் திணித்தார்
பெண்களுக்கான பூஜ்ய ரூபாய் டிக்கெட்.
இறங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இதற்கும் யாரோ கொடுக்கிறார்கள்.