அடிவயிறு

ஜெலுத்தோங், பதினேழாம் மாடி.
ஜன்னலுக்கு நேரே, கடல் தாண்டி,
பட்டர்வொர்த் ஓடுதளம்.

டப்பாவில் கரும்பச்சை என்றிருக்கிறது.
அது லண்டன் பச்சை.
ஆறு வாரம் இங்கே வெயிலில் நின்ற பஃபலோவுக்கு
மூன்று சொட்டு வெள்ளை,
குச்சி நுனியில் மஞ்சள்.
மேசை விளக்கில் சரி,
பால்கனியில் தப்பு.
இருக்கும் ஒரே புகைப்படமோ கறுப்பு வெள்ளை.

இன்று எதிரி விமானம்.
அடிவயிற்றுக்குச் சாம்பல் கலக்கிறேன்.
"அலமாரியில வைக்கிறதுக்கு
அடியில யார் பார்க்கப் போறா?"
துணி காயப்போட்டபடி தவமணி.

நாற்பத்தொன்று டிசம்பரில்
வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு ஓடி வந்தவர்கள்
பார்த்தது
அதை மட்டும்தான்.

சாயம் காய்ந்ததும்
சாப்பாட்டு மேசைக்கு மேலே
நூலில் தொங்கவிட்டேன்.

தவமணி நிமிர்ந்து பார்த்தாள்.
தட்டைக் கொஞ்சம்
நகர்த்திக்கொண்டாள்.