உடுப்பை யாரு துவைக்கா

எங்க வீட்டு ரிமோட்டுக்குப் பின்மூடி கிடையாது,
ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கு.
எட்டரை வரைக்கும் ஜெபசெல்வி கையில்,
எட்டரைக்கு மேல என் கையில்.
பணகுடியில் ஆடி மாசம்
கதவைச் சாத்திக் கல்லை அண்டக்கொடுத்தாலும்
காத்து உள்ள வந்து உக்காந்து
எங்களோட சேர்ந்து பாக்கும்.

முதலில் அவள் நாடகம், ‘சம்பந்தி மெஸ்.’
சாம்பாரில் உப்பு கூடிட்டு, சிரிப்பு.
குண்டு மச்சினன் கட்டிலில் உக்காரப் போறான்,
கட்டில் உடையும் முன்னாலயே சிரிச்சிடுதானுவ
அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற ஆட்கள்.
யாரு வே அவங்க?
எந்த ஊரு, என்ன சம்பளம்?
நமக்குச் சிரிப்பு வாரதுக்குள்ள
பந்தியில முந்தி உக்காந்து
பாயசம் வரை முடிச்சுட்டுப் போயிருதாங்க.

ஒரு ஆளை மட்டும் எனக்குப் பிடிக்கும்.
மெஸ்ஸில் தண்ணி வைக்கிறவர்.
வசனம் கிடையாது.
எல்லாரும் கத்தும்போது
சாஞ்ச தம்ளரை நேரா நிறுத்துவார், அவ்வளவுதான்.
அதுக்கு அந்தப் பெட்டி சிரிச்சதே இல்லை.
நான் சிரிப்பேன்.
‘என்னத்தைக் கண்டு சிரிக்கிய?’ என்பாள் ஜெபசெல்வி.
சொன்னா சிரிப்பு போயிரும். சொல்ல மாட்டேன்.

எட்டரைக்கு ‘நீலப்பருந்து.’
எந்த நாட்டுக்காரனோ, பேசுதது மெட்ராஸ் தமிழ்,
வாய் மூடின பிறகும் வார்த்தை வருது.
வாரத்துக்கு ஒரு பட்டணத்தைக் காப்பாத்துதான்.
காப்பாத்துத வேகத்தில் பாதிப் பட்டணம் நொறுங்குது.
கண்ணாடித் துண்டைப் பெருக்க யாரு வந்தான்னு
இதுவரைக்கும் காட்டலை.
எங்க கம்பெனியில்
மேலிருந்து ஒரு ஸ்பானர் விழுந்தாலே
மூணு நாள் விசாரணை.

என் சோலி காத்தாடி.
எழுபத்தெட்டு மீட்டர், டவருக்குள்ள ஏணி.
உச்சியில் கியர்பாக்ஸ் ஆயில் மாத்தணும், போல்ட்டு முறுக்கணும்.
இடுப்பில் பெல்ட்டு, பெல்ட்டில் ரெண்டு கொக்கி.
ஒண்ணைக் கழத்தும்போது மத்தது மாட்டியிருக்கணும்.
பன்னெண்டு வருசமா என் வேதம் அதுதான்.
மேல மூடியைத் திறந்து தலையை நீட்டினா
மேக்கே மகேந்திரகிரி, தெக்கே கடல்,
கீழே என் பைக் ஒரு கட்டெறும்பு.
அங்க நின்னு சொல்லுதேன்,
முதுகில் துணி கட்டினவனால பறக்க முடியாது.
ஆடிக் காத்து அந்தத் துணியைப் பிடிச்சுதோ,
கூடங்குளத்துக் கரையிலதான்
அவனைச் சிக்கெடுக்கணும்.

தளவாய்கிட்ட இதைச் சொன்னேன், கூட ஏறுகிறவன்.
‘லாஜிக் பாக்காதேயும் அண்ணாச்சி,
கதைன்னு பாரும்’னான்.
கதைன்னுதான் வே பாக்கேன்.
பயமே இல்லாதவன் ஏறினா அதில் கதை எங்க கெடக்கு?
பாதி ஏணியில் ஒருநாளாவது
அவனுக்கு முட்டி நடுங்க வேண்டாமா?

ஜெபசெல்விக்கு வேற கேள்வி.
‘அவன் உடுப்பை யாரு துவைக்கா?’
கிரீஸ் கறை போக
மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்க்கிற கை அது.
அவளுக்குப் பதிலா ஒரே ஒரு காட்சி எடுக்கட்டும்,
மாசாமாசம் காசு கட்டிப் பாக்கேன்.

நேத்து பருந்து ஒத்தைக் கையில் தொங்கினான்,
ஏதோ ஒரு டவர் உச்சியில். விரல் ஒண்ணொண்ணா நழுவுது.
கரண்ட் போச்சு.

ஊரைச் சுத்தி நூறு காத்தாடி
விர்ரு விர்ருன்னு சுத்துது,
எங்க தெருவில் ஒரு பல்பு எரியலை.
இதுதான் வே காமெடி. எழுதுங்க யாராவது.

இருட்டில் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டிருந்தாள்.
‘விழுந்திருவானோ?’
‘விழ மாட்டான். அடுத்த வருசம் வரை ஒப்பந்தம்.’
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
‘நாளைக்கு உங்களுக்கு எத்தனாம் நம்பர்?’
‘நாப்பத்தொண்ணு.’
‘அது என்னவோ சத்தம் போடுதுன்னு சொன்னியளே.’
‘அதுக்குத்தான் ஏறணும்.’
‘கொக்கி…’
‘ரெண்டும்.’
அப்புறம் சொன்னேன்,
‘உன் நீலச் சேலையைத் தா, முதுகில் கட்டிக்கிடுதேன்.’

பெட்டி இல்லை, கரண்ட் இல்லை.
அவள் சிரிக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு
மனசுக்குள்ள எண்ணிக்கிட்டிருந்தேன்.
ஏழுக்கு வந்தப்போ
லைட் எரிஞ்சிட்டு.
டிவியில் எவனோ பல் விளக்கிக்கிட்டிருந்தான்.