ஐம்பது நிமிடச் சீட்டு

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைக் கேலி பேச ஒரு பட்டியல் உண்டு.
அதில் கதவில்லாத சர்வரையும் சேர்க்கலாம்.
ஆறு மாதம் அப்படித்தான் விட்டுவைத்திருந்தேன்.

சத்துவாச்சாரியில், டயர் கடைக்கு மேல்மாடியில்,
மனசு சரியில்லாதவர்கள் வீடியோவில் வந்து பேசும் மையம்.
அறையின் பெயர் ‘புதன்-4’.
லிங்க் தெரிந்தவர் வரலாம்.
தெரியாதவர் ‘புதன்-3’ஐ வைத்து ஊகிக்கலாம்.

ஒரு புதன்கிழமை
டாக்டர் தபித்தாளும் பேரணாம்பட்டுப் பெண் ஒருவரும்
பேசிக்கொண்டிருந்த திரையில்
மூன்றாவது கட்டம் ஒன்று திறந்தது.
கறுப்பு. மைக் மூடியிருந்தது. பெயர்: கெஸ்ட்.
பதினோரு நொடி இருந்துவிட்டுப் போனது.
அந்தப் பெண் பாதி வாக்கியத்தில் நின்றார்.
மீதிப் பாதி இன்னும் அவரிடமே இருக்கிறது.

டோக்கன் போடலாம் என்றேன்.
டோக்கன் என்றால் இந்த ஊருக்கு விளக்க வேண்டாம்.
ரத்தம் கொடுக்க, எக்ஸ்ரே எடுக்க, பில் கட்ட.
வங்காளத்திலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்து
காட்பாடியில் இறங்குகிறவர்
முதலில் கற்கும் தமிழ்ச் சொல் அதுதான்.
அது தமிழ் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

என் டோக்கன் காகிதமில்லை.
நீளமான ஒரே எழுத்துச் சரம். இரண்டு புள்ளி, மூன்று துண்டு.
எந்தப் பூட்டு என்பது முதல் துண்டு.
யார், எந்த அறை, எத்தனை மணி வரை என்பது நடுத்துண்டு.
கடைசி, கையெழுத்து.
நடுத்துண்டை யாரும் பிரித்துப் படிக்கலாம்,
திருத்தத்தான் முடியாது.
ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.
படிக்கலாம் என்பதால்
உண்மைப் பெயர் வேண்டாம் என்றார் டாக்டர்.
ஆளுக்கொரு பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.
பேரணாம்பட்டுப் பெண் வைத்துக்கொண்டது: மக்கன்பேடா.

கன்ஃபிக் ஃபைலில்
‘யாரும் வரலாம்’ என்ற வரியை அழித்து
‘டோக்கன்’ என்று எழுதி, ரகசியச் சாவியை ஒட்டி,
சர்வரை எழுப்பினேன்.
டாக்டரையே வெளியே நிறுத்திவிட்டது.
ஓர் அரைப்புள்ளியைத் தேடிப் பிடித்தேன்.
மறுபடியும் வெளியேதான்.
இரவு பதினொன்றரை. கரண்ட் போய் வந்த புழுக்கம்.
கடைசியில் பார்த்தால் கடிகாரம்:
சர்வர் ஆறு நிமிடம் பின்னால் ஓடுகிறது.
சீட்டு எழுதப்பட்ட நேரமே அதற்கு இன்னும் வரவில்லை.
பிறக்காத சீட்டுக்கு எப்படிக் கதவு திறக்கும்?
நேரத்தைத் திருத்தினேன். திறந்தது.
“எனக்கும் ஒண்ணு குடு சார்” என்றார்
ஷட்டர் இறக்க வந்த முனிரத்தினம்.

அடுத்த புதன், லாக் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குரல் எனக்குக் கேட்காது, கேட்கவும் கூடாது.
4:01 மக்கன்பேடா. அனுமதி.
4:09 கெஸ்ட். டோக்கன் இல்லை. மறுப்பு.
4:09 கெஸ்ட். மறுப்பு.
4:10 கெஸ்ட். மறுப்பு.
ஜெயித்துவிட்டேன் என்று டீ சொன்னேன்.
டீ வருவதற்குள் முகவரிகளைப் பார்த்தேன்.
இரண்டும் ஒன்று.
ஒரே வீட்டு மோடம்.

பழைய லாக் இல்லை. ஏழு நாளில் அழியும்படி
நான்தான் வைத்திருந்தேன்.
உலகத்துக்கு எதிராக எழுதிய கதவு அது.
வந்தவர் அடுத்த அறையில் இருந்திருக்கிறார்.

டாக்டரிடம் சொன்னேன்.
அவர் எதுவும் கேட்கவில்லை,
கிழமையையும் நேரத்தையும் மாற்றச் சொன்னார்.

வெள்ளி, மதியம் 1:05. மக்கன்பேடா.
இந்த முறை மொபைல் நெட்வொர்க், ஆம்பூர் பக்கம்.
ஷூ கம்பெனியின் சாப்பாட்டு நேரமாக இருக்கலாம்,
பஸ் ஸ்டாண்டாக இருக்கலாம். சீட்டு அதைக் கேட்பதில்லை.
1:55க்குச் சீட்டு காலாவதி.
வாசலில்தான் கேட்கும், உள்ளே இருப்பவரை
அது எழுப்பி அனுப்பாது.
அதைச் சரிசெய்ய ஒரு வரி இருக்கிறது. எழுதவில்லை.

2:20.
அறையில் இரண்டு பேர்.