படிக்கணக்கு

அதிகாலை நாலரை. நாயுடுபுரம்.
போர்வைக்குள் போன் வெளிச்சத்தில்
பாடம் பதினொன்று:
‘தேடல் செத்துவிட்டது, இனி என்ன?’
சொல்லிக்கொடுக்கிற பையனுக்கு
மீசை இன்னும் முழுசாக வரவில்லை.
கூகுளில் முதல் பக்கம் பிடிப்பது எப்படி என்று
போன வருடம் இவன்தான்
நாலாயிரம் ரூபாய் வாங்கினான் என்னிடம்.

எனக்கு நாற்பத்தொன்று.
இந்தத் தொழிலில் அது வயதில்லை,
காலாவதி தேதி.

மூன்று விடுதி, ஒரு சாக்லேட் கடை,
பூம்பாறையிலிருந்து பூண்டு அனுப்புகிற ஒருவர்.
இவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.
பூண்டுக்காரர் மட்டும் மாதம் பிறந்ததும் பணம் தருவார்,
கூடவே இரண்டு கிலோ பூண்டும்.

‘மேகத்தின் மடியில்’ என்று எழுதி விற்றது ஒரு காலம்.
ஏழு நொடி வீடியோவுக்காக
பைன் மரங்களுக்கிடையே பெண்ணைச் சுழலவிட்டது ஒரு காலம்.
காலம் என்றால் பதினெட்டு மாதம்.
மேகத்தின் மடிக்கு வந்த சேலத்துக் குடும்பம்
மேகம் மறைத்து ஒன்றுமே தெரியவில்லையென்று
ஒற்றை நட்சத்திரம் போட்டது.
அடுத்த வாரம் நல்ல வெயில்.
மேகமே இல்லையென்று இன்னொரு ஒற்றை நட்சத்திரம்.

இப்போது யாரும் தேடுவதில்லை, கேட்கிறார்கள்.
நானும் கேட்டேன்:
கொடைக்கானலில் கூட்டமில்லாமல் எங்கே தங்கலாம்?
இயந்திரம் பணிவாக ஐந்து பெயர் சொன்னது.
அதில் ஒன்றைப் பூட்டி இரண்டு வருடமாகிறது.
என் மூன்றில் ஒன்றுகூட இல்லை.
செத்த விடுதிக்கும் கீழே நிற்கிற அவமானம்
எந்தப் பாடத்திலும் வரவில்லை.

ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் கூப்பிட்டார்.
“ஹில்டா, அந்த ரினோஷ் பாதிக் காசுக்குச் செய்றானாம்.
தினம் முப்பது பதிவு. எல்லாம் மெஷினே எழுதுதாம்.”
சரிண்ணே என்றேன்.
அதே மெஷின் என்னிடமும் இருக்கிறது.
எதைக் கேட்டாலும்
‘மேகத்தின் மடியில்’ என்றுதான் ஆரம்பிக்கிறது.
என்னிடம் கற்றுக்கொண்டதோ என்னவோ.

அன்று மத்தியானம் வட்டக்கானலுக்கு இறங்கினேன்,
குடையும் பழைய டைரியுமாக.
விடுதிக்கு நாற்பத்தேழு படி.
பன்னிரண்டாவது ஆடும்.
இருபத்தொன்பதாவதில்தான் போனில் இரண்டு கோடு.
வெந்நீர் ஆறிலிருந்து எட்டரைவரை.
ராத்திரி காட்டுமாடு வாசல்வரை வரும், டார்ச் அடிக்கக் கூடாது.
மூன்றாம் அறையில் மழைக்காலத்தில் சுவர் வாடை.
அப்படியே எழுதி ஏற்றினேன். கடைசியில் ஒரு வரி:
முழங்கால் வலி உள்ளவர்கள் இங்கே வராதீர்கள்,
ஏரிக்குப் பக்கத்தில் வேறு இடம் சொல்கிறேன்.

ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் கத்திய கத்தலுக்கு
சிக்னலே தேவைப்பட்டிருக்காது.

நூறு பேர் வந்து குவியவில்லை. அப்படியெல்லாம் நடக்காது.
ஈரோட்டிலிருந்து ஒருவர் வரவில்லை,
வரவேண்டாமென்று சொன்னதற்கு நன்றி சொன்னார்.
காட்டுமாடு பார்க்க இரண்டு பேர் வந்தார்கள்,
மாடு வரவில்லை, நாலு நட்சத்திரம்.
மூன்றாம் அறையில் தங்கிய பெண்
‘வாடை சொன்னபடியே இருந்தது’ என்று எழுதினாள்.
பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் மறுபடி கேட்டேன்.
நாலாவதாக என் விடுதியைச் சொன்னது.
நாற்பத்தேழு படி என்றது,
இருபத்தொன்பதாவதில் சிக்னல் என்றது,
முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்கலாம் என்றது,
என்னவோ தானே இறங்கி எண்ணியதுபோல.
ரினோஷின் பதிவுகளிலும் இப்போது படிக்கணக்கு வருகிறது.
அவன் விடுதி இருப்பது சமதரையில்.

நேற்று ராத்திரி விடாத மழை.
விடிந்ததும் போனேன்.
ஆடிக்கொண்டிருந்த பன்னிரண்டாவதைக் காணோம்.
கீழே சேற்றில் குப்புறக் கிடந்தது.
டைரியில் நாற்பத்தாறு என்று திருத்தினேன்.
சிக்னல் இனி இருபத்தெட்டில்.

இப்போதைக்கு இது
எனக்கு மட்டும்தான் தெரியும்.
சாயங்காலம்வரை தாங்கும்.